படத்தில் வராத மூலை

ஜூன் 9, திங்கள்

உலக அனிமேஷன் ஆய்வு வட்டத்திலிருந்து காலை பத்து மணிக்கு மெயில் வந்தது. "தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி" என்று ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது. நல்ல செய்தி சொல்ல வருகிறவர்கள் யாரும் நன்றியில் ஆரம்பிப்பதில்லை.

என் கட்டுரையை மேடையில் வாசிக்க இடமில்லையாம். வேண்டுமானால் போஸ்டராக ஒட்டிக்கொள்ளலாமாம். முப்பது நாட்டுப் பேராசிரியர்கள் கூடும் மாநாடு, முதல்முறையாகச் சென்னையில் நடக்கிறது. அந்தச் சென்னையில் முதுகு வளைந்து உட்கார்ந்து படம் வரைந்தவளுக்கு ஒரு சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கட்டுரையை மதிப்பிட்டவர்கள் இரண்டு பேர். முதலாமவர் இரண்டு வரியில் பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். "ஆசிரியர் தன் நினைவை மட்டுமே சான்றாகத் தருகிறார். குறிப்பிட்ட காட்சியை அவர்தான் வரைந்தார் என்பதற்கு ஆவணம் இல்லை. இக்காட்சி குறித்துப் பேராசிரியர் மார்கிட் ஓஸ்லண்ட் எழுதிய அடிப்படை நூலை ஆசிரியர் வாசிப்பது நலம்."

வாசிப்பது நலமாம். அந்தப் புத்தகத்தை மறுத்துத்தானே ஐயா கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

மதியம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு விடைத்தாள் கொடுத்தேன். ஒரு பெண்ணுக்குக் கூட்டலில் மூன்று மதிப்பெண் விட்டுப்போயிருந்தது. கேட்க வந்தவளிடம் எரிந்து விழுந்தேன். பிறகு திருத்திக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

எதற்கும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆவணம் ஆவணம் என்கிறார்களே, நாளைக்கு இதையாவது நீட்டலாம்.

1999. வடபழனியில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ. வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குப் படம் வரைந்து அனுப்புவது எங்கள் வேலை. கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு நீர்நாயின் கதை. நீர்நாய் நிற்கிறது, நீர்நாய் குதித்துவிட்டது என்று முக்கியமான நிலைகளை மட்டும் மூத்த ஓவியர்கள் வரைவார்கள். நிற்பதற்கும் குதிப்பதற்கும் நடுவில் உள்ள பதினைந்து இருபது படங்களை வரைவது எங்கள் பாடு. எங்களுக்கு இடைப்படக்காரர்கள் என்று பெயர். நூற்றுப் பத்துப் பேர் இருந்தோம். தொடரின் முடிவில் பெயர்கள் ஓடும்போது நூற்றுப் பத்துப் பேருக்கும் சேர்த்து ஸ்டூடியோவின் பெயர் மட்டும் வரும்.

பதினேழாவது பகுதியில் நீர்நாய் கடலைப் பார்த்து ஒருமுறை கண் சிமிட்டும். வலது கண் மூடும். இடது கண் நான்கு படங்களுக்கு மூடாமல் அப்படியே திறந்திருக்கும். இதைத்தான் மார்கிட் அம்மையார் நாற்பது பக்கத்துக்கு ஆராய்ந்திருக்கிறார். இயக்குநர் சிறுவயதில் தகப்பனைக் கடலில் பறிகொடுத்தவராம். துக்கம் முழுதாக உறங்காது என்பதைக் காட்டவே ஒரு கண்ணைத் திறந்து வைத்தாராம். உலகம் முழுக்க இதைப் பாடமாக நடத்துகிறார்கள். என் மாணவர்கள் என்னிடமே வந்து இதை ஒப்பிக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பகுதி முழுக்க நீர்நாய் தொப்பி போட்டிருக்கும். தொப்பி இடது கண்ணை மறைக்கும். வாரக்கணக்கில் வலது கண்ணை மட்டுமே சிமிட்ட வைத்துக் கை பழகிவிட்டது. இந்த ஒரு காட்சியில் தொப்பி காற்றில் பறந்துபோகிறது. இடது கண் வெளியே வந்துவிட்டதைக் கை மறந்துவிட்டது. முதல் தாளில் இருந்த திறந்த கண்ணை அப்படியே நான்கு தாளிலும் நகலெடுத்தேன். துக்கமும் இல்லை, கடலும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய அசதிதான்.

அந்தக் கண்ணை வரைந்தது இந்தக் கை. இதைச் சொல்ல எனக்கு இன்னொருவருடைய புத்தகம் தேவையா?

ஜூன் 14, சனி

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் ஏறவில்லை. என் கணவர் எலெக்ட்ரீஷியனுக்காகக் காத்திருந்தபோது மெயிலைப் படித்துக் காட்டினேன். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் இருந்தவர், ஆவணம் என்ற சொல்லைக் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் இல்லையா, ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதுமே என்றார்.

ஜெயசீலி இருக்கிறாள். பக்கத்து மேசை. நான் பதினான்கு, அவள் ஒன்பது. மேசை எண்ணை வரிசையாகப் போடாத ஸ்டூடியோ அது. பிற்பாடு வேலையை விட்டுப் போய்விட்டாள். இருபத்தாறு வருஷமாகத் தொடர்பில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பழைய ஆட்களின் வாட்ஸப் குழுவில் கேட்டு எண் கிடைத்தது. ஜெயசீலி பெரம்பூரில் கட்டட பிளான் வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறாளாம். வேறு எந்த ஸ்டூடியோவிலும் அவளைச் சேர்க்கவில்லையே, தெரியாதா என்று குழுவில் ஒருவர் எழுதினார். அப்போதெல்லாம் ஸ்டூடியோக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு விசாரிப்பார்கள். ஓர் இடத்தில் அனுப்பிவிட்டால் இன்னோர் இடத்தில் எடுக்க மாட்டார்கள். அநியாயமான வழக்கம்.

விட்டுப் போய்விட்டாள் என்று போன வாரம் எழுதியிருக்கிறேன். அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் சரி.

ஜூலை 5, சனி

விடியற்காலை ரயிலில் சென்னை. பதினொரு மணிக்கு ஜெயசீலியின் அலுவலகம். மாடியில் ஒரே அறை, நான்கு கம்ப்யூட்டர். யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது, சாயம் பூசவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"வா மங்கை. வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி" என்றாள்.

வட்டத்தைப் பற்றி, மார்கிட் அம்மையாரைப் பற்றி, இரண்டாம் மதிப்பீட்டாளரைப் பற்றி எல்லாம் சொன்னேன். பேசப் பேச எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நம்மைப் போன்றவர்களின் உழைப்பை இப்படித்தான் திருடுகிறார்கள், நம் பெயர் எங்கேயும் வருவதில்லை என்றேன். நம் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டினாள். அந்தக் கண்ணை நான்தான் வரைந்தேன் என்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஆமா, நீதான் வரைஞ்ச. தாராளமா எழுதித் தரேன்" என்றாள். பேனாவை எடுத்தாள். "எந்தத் தேதி போடட்டும் மங்கை? இன்னிக்கா, அன்னிக்கா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்துபோய் இரும்பு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உள்ளே அந்தத் தாள். நான்கில் ஒன்று. நீர்நாயின் இடது கண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். மேலே குண்டூசி குத்திய துளை. கீழே இடது மூலையில் பென்சிலில் "ஜெ 9".

"உன் கையெழுத்துலதான் இருக்குது என் பேரு. நல்லாப் பாரு" என்றாள்.

லெட்டரைவிட இது நல்ல ஆதாரம், எடுத்துக்கொண்டு போ என்றாள். படிவரை வந்தாள். அங்கே நின்று, "ஒண்ணே ஒண்ணு. மூலையோட காட்டு" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

இருபத்தாறு வருஷம் ஒரு தாளைப் போலீஸ் கேஸ் கட்டு மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும். நேரே பார்த்துச் சண்டை போட்டிருக்கலாம். தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டுக் குத்துகிறாள்.

துணி துவைத்தேன். இரண்டு வாளி.

ஜூலை 20, ஞாயிறு

தாளின் ஸ்கேனை வட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். செயலரிடமிருந்து பதில் வந்துவிட்டது. இது மிக அரிய பொருள், போஸ்டர் அரங்கில் நுழைவாயிலுக்கு எதிரே முதல் இடம் தருகிறோம், மூலத்தாளைச் சட்டமிட்டுக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார். போன மாதம் ஆதாரமில்லாதவள். இந்த மாதம் அரிய பொருள். ஆள் ஒன்றுதான்.

படத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்தேன். ஓரங்கள் மடிந்து அழுக்காக இருந்தன.

ஆகஸ்ட் 2, சனி

சட்டம் போட்டு வந்துவிட்டது. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. நல்ல தேக்கு நிறம், உள்ளே படத்தைச் சுற்றிக் கிரீம் நிற மவுன்ட் அட்டை. அட்டையை வெட்டுவதற்கு முன் கடைக்காரர் என்னிடம் அளவு கேட்டார்.

வீட்டில் கணவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் மட்டும் அட்டை அகலமா இருக்கே" என்றார்.

கடையில் அந்த அளவுதான் இருந்தது என்றேன். வங்கிக்காரருக்குச் சட்டம் பற்றி என்ன தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

மூன்று நாளாகப் போஸ்டருக்கு வாசகம் எழுதுகிறேன். "இந்தக் கண்ணை வரைந்தவர்" வரை சுலபமாக வருகிறது. இடைப்படக்காரர்களின் வேலை முறை என்று ஒரு பத்தி எழுத வேண்டும். அங்கேதான் நின்றுவிடுகிறது.

வேலை முறை இதுதான். ஒவ்வொரு தாளிலும் கீழ் மூலையில் வரைந்தவர் தன் எழுத்தையும் மேசை எண்ணையும் போட வேண்டும். கேமரா அந்த மூலையை எடுக்காது. திரையில் வராது. தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரிவதற்காக மட்டும் அது. தப்பான தாளைச் சாப்பாட்டு அறைப் பலகையில் குத்திவைப்பார்கள்.

எங்களுக்குள் இன்னொரு முறையும் இருந்தது. அன்றைய தாள்கட்டை முடிக்காதவருக்கு அன்று ஆப்சென்ட். அதனால் ஒருத்திக்கு அவசரம் என்றால் இன்னொருத்தி அவள் கட்டையும் சேர்த்து வரைந்து, மூலையில் அவள் எழுத்தையே போட்டு வைப்பாள். எல்லோரும் செய்தோம். ஜெயசீலி எனக்கு எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

அன்று அவள் அக்காவுக்குப் பிரசவ வலி என்று மதியம் போன் வந்தது. நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆறு வாரம் கழித்து, அந்தப் பகுதி ஒளிபரப்பாகி முடிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. தாள் பலகையில் ஏறியது. மேனேஜர் சாப்பாட்டு அறைக்கே வந்து, இது யார் என்று கேட்டார். ஜெயசீலி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். நான் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். எலுமிச்சை சாதம்.

மூத்த ஓவியராக ஒருவரை உயர்த்துவதாக இருந்தார்கள். கடைசிப் பட்டியலில் எங்கள் இருவர் பெயரும்தான் இருந்தன. அந்த வாரமே எனக்குக் கிடைத்தது. அந்த அனுபவச் சான்றிதழை வைத்துத்தான் கல்லூரி வேலையில் சேர்ந்தேன்.

இதெல்லாம் போஸ்டருக்குப் பொருத்தமில்லை. வார்த்தை வரம்பு முந்நூறு.

ஆகஸ்ட் 21, வியாழன், சென்னை

மாநாட்டின் முதல் நாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு துணிப்பை, பையில் ஒரு பென்சில். மார்கிட் அம்மையாரின் தலைமையுரை ஒரு மணி நேரம். மூடாத கண் பெரிய திரையில் எட்டு முறை வந்தது. அரங்கம் மூச்சு விடாமல் பார்த்தது.

சாப்பாட்டு இடைவேளையில் ஓர் ஆய்வு மாணவர் தோசையின் முறுகலைப் பற்றிக் கோட்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். இவர்கள் எதையும் சும்மா விட மாட்டார்கள்.

மாலையில் ஜெயசீலிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நாளை பன்னிரண்டு மணிக்குப் போஸ்டர் அரங்கம், முடிந்தால் வா என்று. ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை. வர மாட்டாள் என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி, சென்னை

வந்தாள். அலுவலக உடுப்பிலேயே, கையில் ஹெல்மெட்டோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். முதலில் சட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதே பார்வை.

அதற்குள் மார்கிட் அம்மையார் வந்துவிட்டார். நான் மனதில் வைத்துத் திட்டிய ஆள் வேறு. வந்தவர் முழங்காலில் பட்டை கட்டிய மெலிந்த பெண்மணி. என் முந்நூறு வார்த்தையையும் நின்று படித்தார். தாளைப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது பக்கம் தவறாக எழுதிவிட்டேன், அடுத்த பதிப்பில் திருத்துகிறேன், உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜூன் மாதத்திலிருந்து நான் வாங்கத் துடித்தது இதுதான். சண்டை போடாமலே கொடுத்துவிட்டார்.

பிறகு, ஆராய்ச்சிக்காரர் யாரும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டார். நூறு பேர் வரைகிற இடத்தில் எந்தத் தாள் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மூலையில் குறி போடுவோம் என்றேன்.

இதில் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினார். கிரீம் நிற அட்டைதான் தெரிந்தது.

காலத்தால் அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்தது. இங்கே மறைத்து எழுதி என்ன பயன். வந்தது.

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். மேசைமேல் கவிழ்த்து வைத்து, பின்பக்க ஆணிகளை வீட்டுச் சாவியால் நெம்பினேன். நகம் உடைந்தது. ஓர் ஒருங்கிணைப்பாளர் பதறிப்போய், மேடம், அது அரிய பொருள் என்றார். அட்டையை எடுத்து ஓரமாகப் போட்டேன். தாளை முழுசாகத் தூக்கிக் காட்டினேன். சிவப்பு வட்டம், குண்டூசித் துளை, கீழே "ஜெ 9".

உங்கள் பெயர் இந்த எழுத்தில் தொடங்குகிறதா என்று மார்கிட் அம்மையார் கேட்டார்.

இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். பிரசவ வலி, நான் போட்ட குறி, பலகை, மேனேஜர், எலுமிச்சை சாதம், பதவி உயர்வு, சான்றிதழ். ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். யாருக்குப் புரிந்ததோ. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள் பின்வரிசையில்தான் இருந்தாள். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஜெயசீலி முன்னால் வந்தாள். தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுக்கு அன்னிக்கு ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும் மங்கை" என்றாள்.

ரெண்டு மணிக்குள் அலுவலகம் திரும்ப வேண்டும், பெர்மிஷன் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் முதல்முறை. கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினார். கடையில் அளவு சொன்னது நீதானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 6, திங்கள்

வட்டத்தின் செய்தி மடல் இணையத்தில் வந்திருக்கிறது. முகப்பில் என் படம். தாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். கீழே: "மூடாத கண்ணின் மூல ஓவியத்துடன் இந்திய ஓவியர் மங்கையர்க்கரசி." படத்தைச் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். மூலை இல்லை.

அவர்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டிய மூலை. நகம் உடைய எடுத்த மூலை. அதைப் பார்த்து வெட்டியிருக்கிறார்கள்.

உடனே மெயில் எழுதினேன். முழுத் தாளும் தெரியும் படத்தைப் போடுங்கள், ஜெயசீலியின் பெயரைப் போடுங்கள்.

அக்டோபர் 8, புதன்

பதில்: "பக்க வடிவமைப்புக்காகப் படம் வெட்டப்பட்டது. மூலையில் பார்க்கத்தக்க அம்சம் எதுவும் இல்லை என்று கருதுகிறோம். தாங்கள் குறிப்பிடும் பணிநீக்கம் அனிமேஷன் ஆய்வின் எல்லைக்குள் வராது."

வராதாம். கண் மூடாதது எல்லைக்குள் வரும். அதற்காக ஒருத்தி வேலை போய் நின்றது வராது. நாற்பது பக்கம் துக்கத்தைத் தேடினீர்களே, துக்கம் அந்த மூலையில்தான் ஐயா இருந்தது.

வகுப்புக்குப் பத்து நிமிஷம் தாமதம். இரண்டாவது மெயிலைப் படிக்கட்டில் நின்று அனுப்பினேன். மதியம் மூன்றாவது. மூலை இல்லையென்றால் என் படமும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம், இரண்டையும் எடுத்துவிடுங்கள் என்று. மார்கிட் அம்மையாருக்கும் ஒரு பிரதி. என் பெயருக்காக இவ்வளவு கோபப்பட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். பட்டிருக்கிறேன். ஆனால் அப்போது இந்த நோட்டில்தான் எழுதித் தீர்த்தேன். இன்று அவர்களுக்கே எழுதினேன்.

அந்தக் கூட்டல் தப்புப் பெண்ணை வராந்தாவில் பார்த்தேன். ஜூனில் உன்னைத் திட்டியது என் தப்பு என்றேன். அவளுக்கு நினைவே இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மாற்றிவிட்டார்கள். மார்கிட் அம்மையாரும் எழுதினாராம். முழுத் தாள், நான்கு மூலையோடு. கீழே நான் எழுதிக் கொடுத்தபடியே: "வரைந்தவர் மங்கையர்க்கரசி. இந்தத் தவறுக்காக வேலையிழந்தவர் ஜெயசீலி. வரைந்தவர் அப்போது பேசவில்லை."

இணைப்பை ஜெயசீலிக்கு அனுப்பினேன். கூடவே மன்னிப்புக் கேட்டு நாலு வரி. எழுதி எழுதி அழித்து, கடைசியில் சுருக்கமாக.

நாள் முழுக்கப் பதில் இல்லை. மாலை காய்கறிக் கடையில் நின்றபோது போன் அதிர்ந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டே சொல்:

"மூலை தெரியுது."